ஜீப்புக்குக் காத்தடிக்க ஒரு பம்பு

பெண்பிள்ளை ஒருத்தி மோட்டார் சாமான் கடைக்குள் நுழைந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, கரி படிந்த பழைய எஞ்சின் பிளக் ஒன்றை மேஜைமேல் வைத்தால் என்ன நடக்கும்? அறுபதுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலி ஜங்ஷனில் நடந்ததைச் சொல்கிறேன். கடைக்காரர் முதலில் பிளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் ஆம்பிளை யாராவது வருகிறாரா என்று வாசலைப் பார்த்தார். ஒருத்தரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான், "யாருக்கும்மா?" என்று கேட்டார். "ஜீப்புக்கு" என்றேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

நான் அப்போது தென்காசிக்கு மேற்கே ஒரு சர்க்கார் சுகாதார நிலையத்தில் நர்ஸ். டாக்டர் வேலை எட்டு மாதமாகக் காலி. வருகிறார், வருகிறார் என்று காகிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆக, மருந்து கொடுப்பதும் நான், பிரசவம் பார்ப்பதும் நான், திட்டு வாங்குவதும் நான். எங்களுக்கு ஒரு ஜீப் இருந்தது. அதற்கு ஒரு டிரைவர் இருந்தார். ஐம்பது வயது தாண்டிய தென்காசிக்காரர். ஊரெல்லாம் அவரைச் சாயபு என்று கூப்பிடும். எனக்கு அவர் அண்ணாச்சி.

எங்கள் எல்லையில் மலையடிவாரத்தில் ஒரு குடியிருப்பு உண்டு. வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்கும் காட்டு வேலைக்கும் போகிற முப்பது வீட்டு ஜனங்கள். அங்கே போக ஒரே வழிதான். நடுவில் அகலமான ஓடை ஒன்று குறுக்கிடும். தண்ணீர் கணுக்கால் அளவுக்குமேல் இருக்காது. மணல்தான் எமன். டயரில் காற்று முழுசாக இருந்தால் சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். காற்றைப் பாதியாகக் குறைத்தால் டயர் பரந்து, தத்தித் தத்தி அக்கரை போய்விடும். திரும்பி வந்ததும் அப்படியே போக முடியாது. இக்கரையில் பாதையெல்லாம் கூர்ங்கல். தொய்ந்த டயரோடு போனால் பக்கவாட்டில் கிழித்துவிடும். அதனால் போகும்போது நாலு சக்கரத்திலும் காற்றை இறக்க வேண்டும், வரும்போது நாலுக்கும் அடிக்க வேண்டும். மாதம் இரண்டு முறை இந்தக் கூத்து.

அடிப்பதற்கு எங்களிடம் இருந்தது ஒரு கால் பம்பு. சண்டைக் காலத்து ஏலத்தில் வந்த பழைய சாமான். உள்ளே இருந்த தோல் வாசர் காய்ந்து சருகாகிப் போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்தால் ஒரு நாள் ஒழுங்காக இருக்கும், மறுநாள் பழைய குணம். ஒரு சக்கரத்துக்கு நூற்றுக்கணக்கில் மிதிக்க வேண்டும். அண்ணாச்சி இரண்டாவது சக்கரத்துக்கு வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொள்வார். சத்தம் வெளியே வரக்கூடாதாம். நான் நர்ஸ். எனக்குத் தெரியாமல் இருக்குமா? இழைப்பு.

ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"எத்தனை நாளா அண்ணாச்சி இது?"

"என்னதும்மா?"

"என்கிட்டயே கதை விடுதீயளா? மூச்சு விசில் அடிக்குது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "நாளு இல்லம்மா, வருசம். ஆறு வருசம். வண்டி ஓட்டும்போது ஒண்ணும் செய்யாது. இந்தச் சனியன மிதிக்கும்போதுதான் வருது. சாரக்காத்துல கூடுதலா வருது. யாருக்கும் சொல்லிராதீய தாயி. எனக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு" என்றார்.

அந்தப் பதினாலு மாதக் கணக்கு எனக்குத் தெரியும். அவர் பல வருஷம் தற்காலிகமாகவே ஓட்டி, தாமதமாக நிரந்தரமானவர். பத்து வருஷம் முடிந்தால்தான் பென்ஷன். அதற்கு முன்னால் உடம்பு லாயக்கில்லை என்று எழுதி அனுப்பிவிட்டால் வெறுங்கையோடு வீடு. இன்னொரு நிலையத்தில் ஒரு டிரைவருக்குக் கை நடுக்கம் என்று யாரோ சொல்லப்போய், ஒரே வாரத்தில் சாவியை வாங்கிவிட்டார்கள். அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

மறைப்பது தப்பு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் ஓட்டும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சைக் கவனித்திருக்கிறேன். ஐந்தருவிப் பக்கத்து ஏற்றத்தில்கூட ஒரு இழைப்பு கிடையாது. பிரச்சினை மனிதரிடம் இருந்ததைவிட அந்தப் பம்பிடம்தான் இருந்தது. சுயநலமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். அவர் போனால் வேறொருத்தர் வருவார். பிரசவ வீட்டு வாசலில் நாலு மணி நேரம் முகம் சுளிக்காமல் காத்திருக்கிற டிரைவர் எல்லாச் சந்தையிலும் கிடைப்பதில்லை.

அடுத்த முறை நானே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தேன். குடியிருப்பிலிருந்து ஓடைக்குத் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "ஏட்டி, நர்ஸம்மா நெல்லு மிதிக்குதா பாரு!" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சக்கரம் முடிவதற்குள் எனக்கே கால் செத்துவிட்டது. வேறு பம்பு ஒன்று பார்த்தே ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

தென்காசியில் ஆரம்பித்தேன். சைக்கிள் கடைக்காரர் லாரிக்கு அடிக்கிற கைப்பம்பு ஒன்றைக் காட்டினார். இரண்டு பக்கமும் பிடி வைத்தது, என் நெஞ்சு உயரம். காலுக்குப் பதில் இடுப்பு போகும், அவ்வளவுதான் வித்தியாசம். பெட்ரோல் பங்கில் கரண்டில் ஓடுகிற காற்று மிஷின் இருந்தது. அண்டா மாதிரி ஒரு தொட்டி, மேலே மோட்டார். "இதத் தூக்கிட்டுப் போக முடியுமா?" என்று கேட்டேன். பங்க்காரர், "தாராளமா தூக்கிட்டுப் போங்கம்மா. அப்படியே கரண்டையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க" என்றார். பாவூர்சத்திரத்தில் ஒரு டயர் கடையில் காற்று அடைத்த இரும்புக் குப்பி உண்டு என்று கேள்விப்பட்டுப் போனேன். அதை ஜீப்பில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். தீர்ந்தால் திரும்ப அடைக்க மதுரைக்கு அனுப்ப வேண்டுமாம். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

இப்படித் தேடிக்கொண்டிருந்த நாளில்தான் அந்தப் பிள்ளை விவகாரம் நடந்தது. அதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர்ப் பேச்சு கொஞ்சம் தெரிய வேண்டும். எங்கள் பக்கம் காத்து என்றால் இரண்டு. ஒன்று வீசுவது, மற்றது பிடிப்பது. பிள்ளை வீரிட்டு அழுதால், காய்ச்சலில் பிதற்றினால், காத்து பிடித்துவிட்டது என்பார்கள். தேள் விஷத்தை இறக்குவது போல அந்தக் காத்தையும் இறக்க வேண்டும். பள்ளிவாசல் வாசலில் தொழுகை முடிகிற நேரத்தில் எல்லா ஜாதிப் பெண்களும் பிள்ளையோடு நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். இது எங்களுக்கு அன்றாடம்.

அன்றைக்கு ஓடைக்கு இக்கரையில் அண்ணாச்சி வழக்கம்போல் குந்தி உட்கார்ந்து காற்றை இறக்க ஆரம்பித்தார். அக்கரையிலிருந்து ஒரு தாய் காத்திருக்க முடியாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைக் கடந்து ஓடி வந்தாள். இரண்டு வயதுப் பையன். உடம்பு கொதித்தது, நெஞ்சில் சளி கட்டியிருந்தது. அங்கேயே ஜீப்பின் பின்பலகையில் கிடத்தி பென்சிலின் ஊசி போட்டேன். பையன் போட்ட கூச்சல் மலையில் மோதித் திரும்பியது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி பின்சக்கரத்து வால்வைத் திறந்தார். புஸ்ஸென்று சத்தம். பையன் திடுக்கிட்டு அழுகையை நிறுத்திவிட்டு சக்கரத்தையே பார்த்தான்.

தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னையில்லை, சக்கரத்தடியில் குந்தியிருந்தவரை.

"என்ன சாயபு செய்தீய?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி தலை நிமிராமல் உள்ளதைச் சொன்னார்: "காத்து எறக்குதேன்."

நாலு நாளில் பையன் எழுந்து விளையாடினான். நாலு நாளும் நடையாய் நடந்து ஊசி குத்தியது நான், பெயர் அவருக்கு. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். பெயர் போனதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தத் தாய் நன்றி மறக்காதவள். எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து ஜில்லா பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டாள். தங்கள் ஜீப் டிரைவர் சாயபு என் மகனுக்குக் காத்து இறக்கினார், பிள்ளை சுகமாக இருக்கிறான், இந்தச் சேவையை மாதம் இரண்டு தடவைக்குப் பதில் வாரா வாரம் நடத்தித் தர வேண்டும் என்று.

பெரிய டாக்டர் திருச்சிப் பக்கத்துக்காரர். டயரில் காற்று இறக்கியதற்கு ஏன் கடிதம் என்று முதலில் குழம்பினாராம். அவர் ஆபீஸ் குமாஸ்தா உள்ளூர்க்காரர். காத்து என்றால் பேய் என்று அவர் எடுத்துச் சொல்லி விளங்கவைத்திருக்கிறார். கடிதத்தைப் பொறுத்தவரை குமாஸ்தா சொன்னது சரி. நடந்ததைப் பொறுத்தவரை டாக்டர் முதலில் நினைத்ததுதான் சரி. எப்படியோ, சர்க்கார் டிரைவர் வேலை நேரத்தில் பேய் ஓட்டுகிறார், நர்ஸ் உடந்தை என்று எங்களுக்கு மெமோ வந்தது. பன்னிரண்டாம் நாள் தானே நேரில் வந்து விசாரிப்பதாகவும் எழுதியிருந்தார்.

அண்ணாச்சி மெமோவை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறியது.

"டயர்ல காத்து எறக்குனேன்னு சொன்னா, எங்க, செஞ்சு காட்டும்னு சொல்லுவாரு. எறக்கிக் காட்டிருவேன். ஏத்தியும் காட்டச் சொல்லுவாருல்லா? டாக்டரு முன்னால அந்தப் பம்ப மிதிச்சா என் கதை அங்கனயே முடிஞ்சிரும்மா."

உண்மை அதுதான். பேய் ஓட்டவில்லை என்று நிரூபித்தால் இழைப்பு வெளியே வரும். நிரூபிக்காவிட்டால் பேய் ஓட்டியதற்கு வேலை போகும். கோபம் யார்மேல் என்றுகூடத் தெரியவில்லை. அந்தத் தாய்மேல் கோபப்பட முடியுமா? நன்றி சொன்னதற்கா?

மறுநாள் குற்றாலத்தில் எனக்கு வழி திறந்தது. சீசன் கூட்டத்துக்கு அம்மைக் குத்துப் போட அங்கே எங்களுக்கு ஒரு கொட்டகை. அருவிக்குப் போகிற வழியில் ஒரு எஸ்டேட் ஜீப் நின்றது. செங்கோட்டைக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கி வந்த வண்டி. அதன் மலையாளி டிரைவர் எஞ்சின் மூடியைத் திறந்து ஒரு பிளக்கைக் கழற்றினார். அந்தத் துளையில் கைக்கு அடக்கமான ஒரு பித்தளைக் குழல் போன்ற சாமானைத் திருகினார். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயைச் சக்கரத்துக்குக் கொடுத்தார். எஞ்சினை ஓடவிட்டுவிட்டுப் பீடி பற்றவைத்தார். வண்டி குளிர்காய்ச்சல் வந்தாற்போல் குலுங்கிக்கொண்டு நின்றது. டயர் தானாக எழுந்தது!

நான் ஊசியைக் கையில் பிடித்தபடியே அங்கே போய்விட்டேன். "எஞ்சினே அடிக்கும் சேச்சி" என்று அவர் விளக்கினார். "நாலு சிலிண்டர்ல ஒண்ணு பம்புக்கு, மூணு ஓட்டத்துக்கு. நாம சும்மா நின்னாப் போதும்." சும்மா நின்றால் போதும் என்ற சொல் என் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கே வாங்கியது என்று கேட்டேன். திருநெல்வேலி ஜங்ஷன் என்றார். "துளையோட மரை, இந்தத் திருகு வரி, சேரணும். சேரலைன்னா வெறும் பித்தளை" என்றும் சொன்னார்.

அதனால்தான் பிளக்கை முடிந்துகொண்டு போனேன். தையல்காரரிடம் அளவு ரவிக்கை கொடுக்காமல் ரவிக்கை தைக்கச் சொல்வோமா? கடைக்காரர் இரண்டு பம்பு எடுத்து வைத்தார். ஒன்று புதுசு, பளபளப்பு, காற்றின் அளவு காட்டும் முள் வைத்தது. மற்றது அழுக்கேறியது, முள் கிடையாது, பெட்டி கிழிந்திருந்தது. அவர் புதுசைத்தான் என் பக்கம் தள்ளினார்.

"இதப் பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு!"

"பொண்ணா பாக்க வந்திருக்கேன்? பிளக் போற மரையில ஒரு அச்சு இருக்கும்லா, அத எடுங்க" என்றேன்.

எஞ்சின் துளை அளவில் மரை வெட்டிய வளையம் ஒன்று அவரிடம் இருந்தது. முதலில் என் பிளக்கை அதில் திருகினேன். சரியாகப் பொருந்தியது. அந்த வளையத்தில் புதுப் பம்பின் முனையைத் திருகினேன். இரண்டு சுற்றுப் போய் நின்றுவிட்டது. "கொஞ்சம் அழுத்தித் திருகினா போயிரும்" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். பழையது வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் கடைசிவரை போயிற்று. அடுத்து ரப்பர் குழாய். எஞ்சினிலிருந்து எல்லாவற்றிலும் தள்ளியிருந்த பின்சக்கரம்வரை நான் முந்தின நாளே கையால் அளந்து வைத்திருந்தேன், பத்து முழம். பூக்காரி அளப்பதுபோல் கடையில் குழாயைப் பிடித்து முழம் போட்டேன். புதுசின் குழாய் ஏழு முழம், பழையதன் குழாய் பதினொன்று. முடிந்தது பேச்சு. விலையை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இப்போதும் எனக்கு வயிறு எரியும்.

அண்ணாச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. எஞ்சினிலிருந்து வருகிற காற்றில் பெட்ரோல் கலந்திருக்கும், டயர் வெடித்துவிடும் என்றார். நிலையத்துக்குப் பின்னால் வைத்து ஒரு சக்கரத்துக்கு அடித்தோம். பிறகு அதில் கொஞ்சம் திறந்துவிட்டு மூக்கை வைத்து மோந்து பார்த்தார். வெறும் ரப்பர் வாடைதான். பக்கவாட்டுத் துளை வழியாக அது வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது என்று குனிந்து கண்டுபிடித்தார். சூடேறியிருந்த பம்பைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டார். இரண்டாவது சக்கரம், மூன்றாவது சக்கரம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு முன்பக்க இரும்பில் உட்கார்ந்தார். நாலும் முடிந்தபோது அவர் மூச்சு சாதாரணமாக இருந்தது. "சும்மா உக்காந்திருக்கேன் தாயி" என்றார்.

பன்னிரண்டாம் நாள் பெரிய டாக்டர் காலை ரயிலில் தென்காசியில் இறங்கினார். மெலிந்த மனிதர், வெள்ளை அரைக்கை சட்டை, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். மேலகரம் தாண்டும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. அந்த ஈரக்காற்றை நான் அப்படிச் சபித்தது வாழ்நாளில் கிடையாது. அண்ணாச்சி காலையிலேயே மாத்திரை போட்டிருந்தார். இருந்தாலும் என் கண் ரோட்டில் இல்லை, அவர் தோள்பட்டையில்தான் இருந்தது.

ஓடைக்கரையில் எங்களுக்கு முன்னால் மூன்று பெண்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். காத்து இறக்கத்தான்! பெரிய டாக்டர் இறங்கி நேராக அவர்களிடம் போனார். கடிதம் போட்ட தாய் முன்னால் வந்தாள்.

"இவர் உன் பிள்ளைக்கு என்னம்மா செய்தார்?"

"காத்து எறக்குனாருய்யா."

"மந்திரம் ஏதாவது சொன்னாரா?"

"அதெல்லாம் இல்லய்யா. பேசவே மாட்டாரு."

"பிறகு எங்கிருந்து இறக்கினார்?"

அவள் கொஞ்சமும் யோசிக்காமல் பின்சக்கரத்தைக் காட்டினாள். "அதுல இருந்துதான். புஸ்ஸுன்னுச்சு. எம்புள்ள கம்முனு ஆயிட்டான்."

"ஊசி போடவில்லையா?"

"அது நர்ஸம்மா போட்டா. அது பாட்டுக்கு அது."

பெரிய டாக்டரின் உதடு முதலில் லேசாகத் துடித்தது. பிறகு அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். அண்ணாச்சி குந்தி உட்கார்ந்து நாலு சக்கரத்திலும் காற்றை இறக்கிக் காட்டினார். பிள்ளைகள் ஒவ்வொரு புஸ்ஸுக்கும் கைதட்டின. எனக்குப் பாதி உயிர் வந்தது.

அக்கரை போய் எல்லாரையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இக்கரையில் பம்பைப் பூட்டினார் அண்ணாச்சி. எஞ்சின் குலுங்கிக் குலுங்கி அடித்தது. பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலாவது சக்கரம் முடிந்ததும் நன்றாக இருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டினார். நான் கோயிலுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். அண்ணாச்சி எஞ்சினை நிறுத்தினார்.

அந்த அமைதியில் மெல்லிசாக ஒரு விசில் கேட்டது.

"எங்கேயோ காற்று ஒழுகுகிறது" என்றார் பெரிய டாக்டர். முன்சக்கரத்தில் குனிந்து காதை வைத்தார். இல்லை. பின்சக்கரத்துக்குப் போனார். அங்கேயும் இல்லை. வண்டியைச் சுற்றி மூன்றாவது, நாலாவது சக்கரமும் பார்த்தார். எனக்கு அது என்னவென்று தெரியும். காலையிலிருந்து சாரலில் நனைந்து, எட்டு முறை குந்தி எழுந்திருந்தார் அண்ணாச்சி. துண்டு அவர் வாயில் இருந்தது. பெரிய டாக்டர் மெதுவாக நிமிர்ந்தார். அவர் காது வண்டியை விட்டுத் திரும்பி அண்ணாச்சிக்கு நேரே வந்து நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எத்தனை நாளாக?"

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. துண்டை எடுத்துவிட்டு, "ஆறு வருசம்யா" என்றார். பொய் சொல்லவில்லை.

பெரிய டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவரை ஒரு கல்லில் உட்காரவைத்தார். முதுகிலும் நெஞ்சிலும் வைத்து நிதானமாகக் கேட்டார். வண்டி ஓட்டும்போது வருமா என்று கேட்டார். அண்ணாச்சி வராது என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வராது சார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

"ஆக, உங்களுக்கும் தெரியும்."

"தெரியும் சார்."

"உங்களைத் திட்ட வேண்டும். ஆனால் நான் ரயிலைப் பிடிக்க வேண்டும்." ஜீப்பின் பின்னால் கிடந்த பழைய கால் பம்பைத் தூக்கிப் பார்த்தார். தரையில் வைத்து முப்பது மிதி மிதித்தார். அவருக்கே மூச்சு வாங்கியது. "இதையா ஆறு வருஷம் மிதித்தீர்?" என்று அண்ணாச்சியிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டியின் லாக் புத்தகத்தை வாங்கி, மழை படாமல் உள்ளே உட்கார்ந்து எழுதினார். எழுதியதை எங்களுக்கு வாசித்தும் காட்டினார். இந்த வண்டிக்கு இனி எஞ்சின் பம்பால் மட்டுமே காற்று நிரப்ப வேண்டும். கால் பம்பை வண்டியில் வைக்கக்கூடாது. டிரைவர் வண்டி ஓட்டுவதற்குத் தகுதியானவர். மாதம் ஒரு முறை நெஞ்சைப் பரிசோதித்து நர்ஸ் எனக்கு எழுத வேண்டும். கீழே கையெழுத்து, தேதி.

தகுதியானவர் என்ற அந்தச் சொல்லை அண்ணாச்சி இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பெரிய டாக்டர் முகம் சுளிக்காமல் இன்னொரு தடவை வாசித்தார்.

நான் அழுதுவிட்டேன். ஒளிக்கவும் இல்லை. அண்ணாச்சி ஓடைப் பக்கம் நாலடி நடந்துபோய் நின்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இருமினார். எங்கள் எதிரேயே, டாக்டர் எதிரேயே, அக்கரைப் பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி, அடிவயிற்றிலிருந்து இருமினார். நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி இருமினார். ஆறு வருஷமாக ஒரு மனிதருக்குத் தாராளமாக இரும முடியவில்லை. நாங்கள் அவசரப்படுத்தவில்லை. ரயிலைப் பிடிக்க வேண்டியவரும் கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றார்.